ஐரிஷ் விஸ்கிக்குப் பத்தியம்

பாலக்கோட்டில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, தக்காளி வியாபாரி மாதப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பஸ் சாயங்காலம்தான். அடுப்பில் நாட்டுக்கோழி கொதிக்கிறது. என் கண்ணோ அலமாரியில் இருக்கிற பாட்டில் மேல். கப்பலில் வேலை பார்க்கும் அவர் மச்சான் கொண்டுவந்த அயர்லாந்து விஸ்கி. ஊரெல்லாம் மதுவிலக்கு; மாதப்பனுக்கு மட்டும் நெஞ்சு வலிக்கு மருந்தென்று டாக்டர் எழுதிக் கொடுத்து, பர்மிட் இருக்கிறது. அலமாரிச் சாவி அவர் மனைவி முனியம்மாளின் இடுப்பில். நோயாளிக்குத்தான் திறப்பாராம்.

நான் மெல்ல வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன்.

"என்னாங்கண்ணா, வவுத்து வலியா?"

"காலையிலேர்ந்து சுருட்டிப் பிடிக்குதும்மா."

முனியம்மாள் பதறிப்போய் அலமாரியைத் திறந்து, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடையில் ஊற்றித் தருகிறார். முதலில் தொண்டை காந்துகிறது. பிறகு பழைய மரப்பெட்டியைத் திறந்ததும் வருகிற மணம், அதற்கடியில் காய்ச்சிய வெல்லப்பாகு. ஓக் மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்ததாம். சப்புக்கொட்ட வருகிறது, நோயாளியாயிற்றே, முகத்தைச் சுளித்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு உட்காருகிறோம். மாதப்பன் இலையில் கோழிக்கால். என் முன்னால் ஒரு கிண்ணம் கஞ்சி.

"மருந்து குடிச்சீங்க இல்ல, பத்தியம் இருக்கணுங்க. கறி, புளி, காரம் எதுவும் ஆவாது," என்கிறார் முனியம்மாள்.

நான் மாதப்பனைப் பார்க்கிறேன். "உங்களுக்கு நெஞ்சு வலின்னாங்களே?"

அவர் எலும்பை உறிஞ்சியபடி சொல்கிறார். "கோழி அடிக்கிற அன்னிக்கு எனக்கு வலி வர்றதே இல்லைங்க."