வணக்கம் வைத்த சீர் பீரோ

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே எனக்கு வாய் வராது. ஆனால் அட்டைப்பெட்டியில் பலகையாக வரும் மரச்சாமான்களை வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கும் ஃபிட்டர் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது உதவலாம்.

பெட்டியோடு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் புக் வரும். அதில் எழுத்தே இருக்காது, படம்தான். எந்த மொழிக்காரரும் மனம் நோகக் கூடாது என்று, எல்லோருக்கும் சமமாகப் புரியாதபடி செய்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் ஒருவன் தனியாக முழிப்பான். அவன் மேல் பெருக்கல் குறி. பக்கத்தில் இருவர் சிரிப்பார்கள். வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று அர்த்தம். எங்கள் ஷோரூம் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "கஸ்டமர் வீட்டுல ஆள் இருக்கும்லா, நீரு ஒருத்தரே போதும்" என்றார்.

முத்தையாபுரத்தில் ஒரு கல்யாண வீடு. பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகளுக்குச் சீராக மூன்று கதவு பீரோ வாங்கியிருந்தார். மறுநாள் கல்யாணம். அன்று மாலைக்குள் சீர், பக்கத்தில் திருநெல்வேலி ரோட்டில் இருக்கும் புதுக்கோட்டையில், மாப்பிள்ளை வீட்டில் இறங்க வேண்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மாட்டிய பீரோவைத் தூக்குகிற படத்தின் மேலும் பெருக்கல் குறி இருந்தது.

"அண்ணாச்சி, இத மாப்பிள்ளை வீட்டுல வச்சு மாட்டுனா நல்லது" என்றேன்.

"சீர்னு சொல்லி அட்டப்பெட்டியவா இறக்கச் சொல்லுதீரு? கருவாட்டு லோடுன்னு நினைப்பாங்க. இங்கனயே மாட்டும்."

மாட்டினேன். ஏழாவது படத்தில் பலகைக்கு நாலு ஓட்டை. என் கையில் இருந்ததில் மூன்று. நாலாவதை நம் கற்பனைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிய பிறகுதான் பளபளப்பு உள்பக்கம் போயிருப்பது தெரிந்தது. கழற்றினேன். பெண்ணின் அம்மா காபியோடு வந்து புத்தகத்தைப் புரட்டினார்.

"படத்துல உள்ளவன் சிரிச்சுக்கிட்டே மாட்டுதான். நீங்க என்ன, பரீட்சை எழுதுத மாதிரி இருக்கீய?"

அவனுக்கு ஓட்டை சரியாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். காபியைக் குடித்துவிட்டு அடுத்த திருகை எடுத்தேன்.

ஒருவழியாக பீரோ நின்றது. சந்தனம், குங்குமம் வைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். கயிறு கட்டியது கிரேன் அண்ணாச்சியே. "கண்டெய்னரையே ஆடாம கப்பல்ல வச்சவன் நான். இது என்ன, பீரோ." அவர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொள்ள, நான் பின்னால் நின்று பீரோவைப் பிடித்துக்கொண்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. திருநெல்வேலி ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் திருகுகள் ஓட்டையை மாவாக்கிக்கொண்டு வந்தன.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள். இறக்கி நிறுத்தியதும் பீரோ முன்பக்கமாகச் சாய்ந்தது. கதவுகள் தாமாகத் திறந்தன.

மாப்பிள்ளையின் அப்பா சுற்றி வந்து பார்த்தார். "என்ன சம்பந்தி, உங்க பீரோ ரொம்ப மரியாதையால்லா இருக்கு. வந்ததும் வணக்கம் வைக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். கிரேன் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அந்த வீட்டில் வாழப்போகிற அவர் மகள் காலமெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்கும்.

உள்ளே தூக்கிப் போனோம். மாப்பிள்ளை தன் அறை வாசலை மறித்து நின்றார். "வெளியவே வைங்க. உள்ள கொஞ்சம் வேலை கிடக்கு."

"சீர வெளிய வைக்கவால கொண்டு வந்திருக்காங்க?" என்று அவர் அப்பாவே கதவைத் தள்ளினார்.

உள்ளே தரை முழுக்கப் பலகை. மாப்பிள்ளை வாங்கிய கட்டில். சாப்பாட்டுத் தட்டில் திருகுகள், தலைகீழாக முடுக்கிய தலைமாட்டுப் பலகை, நடுவில் அதே மாதிரி ஒரு புத்தகம்.

கிரேன் அண்ணாச்சி நிதானமாகப் பார்த்தார். "எங்க பீரோ சாஞ்சாவது நிக்கி, சம்பந்தி. உங்க கட்டில் நமக்கு முன்னாலயே படுத்துட்டே."

வெளியே சிரித்தவர்கள் இதற்கும் சிரித்தார்கள். சம்பந்தி தன் மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, ரெண்டு நாளா கதவப் பூட்டிக்கிட்டு இதத்தான் செஞ்சியா?"

மாப்பிள்ளை என்னிடம் மெதுவாக, "அண்ணாச்சி, ஒரு கை குடுங்க" என்றார்.

இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பலகையைப் பிடிக்க, கட்டிலை மாட்டினேன். பீரோவை, புத்தகத்தில் இல்லாத இரும்பு எல்-கிளாம்ப் போட்டுச் சுவரோடு இறுக்கினேன்.

நான் கற்றது இவ்வளவுதான்: பொருள் கடைசியில் எங்கே நிற்கும் என்று கேட்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள். கேட்டும் பயனில்லை என்றால், பையில் கிளாம்ப் இருக்கட்டும்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. நான் சாகுபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் டேபிள் மாட்டப் போனேன்.