சர்மிலா மூடாத கோப்பு

சர்மிலா எதையும் திறந்தபடி விடமாட்டாள். குசினிக் குழாய், அலுமாரி, பக்கத்து வீட்டுக் கேற், எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் மறுவேலை. அவள் வந்து போன இடத்தில் காற்றுக்கூட உள்ளே வராது என்று தாய் மார்கிறட் பகிடி பண்ணுவாள். அப்படிப்பட்டவள் ஒரு வருடமாக ஒன்றை மட்டும் மூடாமல் வைத்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

மட்டக்களப்பு நகரில், வாவியோரமாக இருந்த ஒரு நிவாரண அமைப்பின் கணினி அறையில் அவளுக்கு வேலை. வெள்ளம் வந்தால் சனங்கள் அழைக்கும் இலக்கத்தை அந்தக் கணினிதான் எடுக்கும். ஒருவர் அழைத்தால் அவர் குரலைப் பதிய ஒரு கோப்பு திறக்கும், அறையிலிருப்பவர்கள் அதைக் கேட்டுப் பதில் சொல்வார்கள். அவர் வைத்தால் மூடும். ஒரே நேரத்தில் இருநூற்று ஐம்பத்தாறு கோப்புகள்தான் திறந்திருக்கலாம் என்பது இயங்குதளத்தின் சட்டம். அதற்கு மேல் வருபவர் கெஞ்சினாலும் கதறினாலும் அதற்குக் காது கேளாது.

முன்பெல்லாம் அரை நிமிடம் சத்தம் இல்லாவிட்டால் கணினி தானே கோப்பை மூடிவிடும். சர்மிலாதான் அதை மாற்றினாள். மழைக்குள் சிக்னல் போய்ப் போய் வரும், மனிதர் மூச்சு வாங்கிவிட்டுத்தான் கதைப்பார்கள், அழைத்தவர் வைக்கும்வரை நாங்கள் வைக்கக்கூடாது என்று மேலதிகாரியோடு வாதாடி வென்றாள். நல்ல மனசுதான். ஆனால் சிக்னல் அறுந்தே போனவர்களின் கோப்புகள் மூடாமல் கிடந்தன. அவற்றைத் தினமும் காலையில் அவளே ஒவ்வொன்றாகக் கேட்டு மூடினாள்.

ஒன்றைத் தவிர. போன வருட வெள்ளத்தில் அவளுடைய தம்பி அன்ரோ கரடியனாற்று வட்டையில் வயல் பார்க்கப் போய் அகப்பட்டான். அக்காவின் கைபேசிக்குத் தொடர்பு கிடைக்காததால் இந்த இலக்கத்துக்கு எடுத்திருக்கிறான். தண்ணீர் நெஞ்சளவில் நிற்கிறது என்று சொன்னான். பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கோப்பை மூட அவளுக்குக் கை வரவில்லை. கணினி அணையாமலிருக்கப் பெரிய பற்றரிகூட வைப்பித்தாள்.

அவளை நடுங்க வைத்தது வேறொன்று. மறுமுனையில் ஆள் இல்லாத கோப்பு வளராது. இது வளர்ந்தது. ஒவ்வொரு காலையும் முதல் நாளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. போட்டுக் கேட்டால் தண்ணீர். அதற்குள்ளிருந்து யாரோ மெல்ல மூச்சு விடும் சத்தம். அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆசை அதிகமாக இருந்தது.

இந்த மார்கழியில் வாவி மறுபடி பெருகியது. ஒருநாள் விடியற்காலையிலேயே இருநூற்று ஐம்பத்தாறும் நிரம்பிவிட, பத்து மணிவரை புதிய அழைப்புகள் எல்லாம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. வரம்பைக் கூட்டலாம், ஆனால் கணினியை நிறுத்தித் தொடங்க வேண்டும், எல்லாருடைய தொடர்பும் அறுந்துபோகும். சர்மிலா பட்டியலைப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தைந்தும் கூரையிலும் மரத்திலும் ஏறி நிற்கிற உயிருள்ள சனம். மிச்சம் ஒன்று.

ஹெட்செற்றை மாட்டிக்கொண்டாள்.

"தம்பி, அக்கா வைக்கிறன்டா," என்றாள்.

தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. அழுதுகொண்டே மூடினாள்.

அந்த இடத்துக்கு உடனே அடுத்த அழைப்பு வந்தது. ஏறாவூரிலிருந்து ஆயிஷா உம்மா என்ற பெண். சர்மிலா இடத்தைக் கேட்க முன்பே அவர் கேட்டார்.

"இவ்வளவு நேரமும் கதைச்ச தம்பி எங்க புள்ள? விடியச் சுபஹு தொழுகை நேரத்தில இருந்து என்னோடதான் கதைச்சுக்கொண்டிருந்தார். கூரையில ஏறுங்க, கண்ண மூடிராதீங்க எண்டு சொன்னதும் அவர்தான்."

சர்மிலா ஹெட்செற்றைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்பதான், அக்கா எடுப்பா எண்டு சொல்லிப்போட்டுப் போனார். நீங்கதானே அந்த அக்கா?"

"ஓம் உம்மா," என்றாள் சர்மிலா. "நான்தான். நிக்கிற இடத்தைச் சொல்லுங்க."