உட்பட, தவிர

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கிறார். முதலில் நேராக, பிறகு கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி. நேராக மட்டும் படித்தால் அர்த்தம் பிழையை மறைத்துவிடுமாம். உதடு அசைய, சத்தம் வராமல் அவர் படிப்பதைப் பார்த்தால் மந்திரம் சொல்கிறாரோ என்று தோன்றும். படிப்பது ஊழல் தடுப்பு மசோதா.

அரசு அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐம்பத்தொன்பது வயது. உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'காற்புள்ளி'. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூட, வாழ்த்துவதற்கு முன் அதிலுள்ள பிழையைச் சொல்லிவிடுவார்.

போன தடவை இந்த மசோதா அவர் மேசைக்கு வந்தபோது அது ஆறாவது முறை. ஒவ்வொரு முறையும் அவைக்குப் போகும். ஒரு தரப்பு 'ரொம்பக் கடுமை' என்னும், மறு தரப்பு 'போதவே போதாது' என்னும். பிறகு இரண்டும் ஒற்றுமையாகக் கிடப்பில் போடும்.

"இத்தனை வருஷமா ஒரே காகிதத்தைப் படிக்கறீங்களே, மனப்பாடம் ஆகலையா?" என்று மனைவி கேட்டாராம்.

"எனக்கு ஆயிடுச்சு. அவங்களுக்குத்தான் மறந்து மறந்து போகுது."

அந்த முறை நாலாம் பிரிவில் சிக்கல். மசோதாவை ஆராய்ந்த அவைக் குழு கையெழுத்திட்ட படியில் 'அமைச்சர்கள் உட்பட' என்றிருந்தது. அச்சுக்கு வந்ததில் 'அமைச்சர்கள் தவிர'. வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். அப்படியே திரும்பி வந்தது. மறுபடியும் அனுப்பினார். மூன்றாம் நாள் ஓர் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் உங்கள் வேலை, அர்த்தம் பார்ப்பதல்ல என்றார். கிடங்கில் ஓர் இடம் காலியாக இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தார்.

ஓய்வுக்கு இரண்டே வருடம். மகள் இன்னும் கல்லூரியில். ஆனாலும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அதிகாரியின் முன்னால் நகர்த்தினார்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், இப்பவே மாத்திடறேன்."

அதிகாரி தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். 'உட்பட' என்றே அச்சாயிற்று.

அவையில் நான்கு மணி நேரம் அமளி. பாதிப் பேர் வெளிநடப்பு செய்தார்கள். மீதிப் பேர் ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நேற்று ஏழாவது முறையாக வந்துசேர்ந்தது. மசோதாவின் பெயரிலேயே ஆண்டு உண்டு. பழைய ஆண்டைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் புதிய ஆண்டை எழுதப் போனவர் நிறுத்திக்கொண்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, இழுப்பறையைத் துழாவி ஒரு பென்சிலை எடுத்தார்.