வேண்டாம் என்று சொல்லப் பழகியவள்

கிளிநொச்சியில் ஸ்கூட்டி ஓடும் பெண்களில் பாதிப் பேருக்குத் தானே ஓடப் பழக்கியதாகப் பத்மாசனி சொல்லிக்கொள்வாள். அதில் பாதி பொய். ஆனாலும் அவள் பழக்கிய பெண்கள் தடுமாறினால், "பிரேக்கைப் பிடியும் பிள்ளை!" என்று அவள் போடும் சத்தம் அடுத்த ஒழுங்கை வரைக்கும் கேட்கும். நாற்பத்துநான்கு வயது. கணவனோடு ஒத்துவராமல் பிரிந்து வந்து தனியாக இருக்கிறாள். தனியாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

பகல் முழுக்க மற்றவர்களை அதட்டுகிற அவளுக்கு, நம்பிக்கையான ஒருவர் தன்னைக் கயிற்றால் கட்டி, "அசையக் கூடாது" என்று சொன்னால், நெஞ்சில் உள்ள பாரமெல்லாம் இறங்கிவிடும். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சிலருக்குப் பாகற்காய் பிடிக்கிறதே, அதுபோலத்தான்.

அந்த ஆசை தனக்கு மட்டும்தான் என்று வெட்கப்பட்டுக் கிடந்தவளுக்குத் தொலைபேசிக் குழு ஒன்றின் வழியாக, அதே ஆசை உள்ளவர்கள் மாதம் ஒருமுறை கூடும் பூநகரி ரஜிதா வீடு கிடைத்தது. ரஜிதா, அவள் கணவன் ஜனார்த்தனன், வவுனியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் விஜிதரன், இன்னும் இரண்டொருவர். எல்லாரும் நரை கண்டவர்கள். எல்லாருக்கும் ஊரில் ஒரு பெயர் உண்டு, ஆகவே எல்லாருடைய வாயிலும் பூட்டும் உண்டு. அயலட்டைக்கு அது யோகாசன வகுப்பு. முன்வீட்டு மீனம்மா தன் முழங்கால் வலிக்கு ஆசனம் கேட்டு வந்தபோது, ரஜிதா இணையத்தில் தேடிப்பிடித்து ஒன்றைச் சொல்லிக்கொடுத்தாள். வலி குறைந்ததாம். யாரிடம் போய்ச் சொல்ல!

முதல் நாளே அங்கே தீர்மானமான விஷயம், அக்கா அண்ணா என்று யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்பதுதான். "அண்ணா எண்டு கூப்பிட்டுப்போட்டுக் கயிறைக் குடுக்க ஏலுமே?" என்றாள் ரஜிதா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர் சொல்லி, நீங்கள் போட்டுக் கதைப்பதென்று முடிவாயிற்று. அதன்பிறகு, எது பிடிக்கும், எது கூடாது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். பத்மாசனி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். கையை முன்னால் கட்டலாம், பின்னால் கட்டக் கூடாது. கடைசிச் சண்டைக் காலத்தில் கை பின்னால் கட்டப்பட்டு நடந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். காரணத்தை அவள் சொல்லவில்லை. வன்னியில் அதை யாரும் கேட்பதும் இல்லை.

அப்படியிருந்தும் போன மாதம் பிழை நடந்தது. கட்டிக்கொண்டிருந்த விஜிதரன் இடையில், "ஒருக்காப் பின்னால கட்டிப் பாக்கட்டோ?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அவளும் மரியாதையாக, "உங்கட விருப்பம்" என்றாள். வந்த வீட்டில் முகத்துக்கு நேரே மறுத்துப் பழக்கமில்லாத சனம் நாங்கள். தேத்தண்ணி தந்தால் பச்சைத் தண்ணியாக இருந்தாலும் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்போம். அவன் கையைப் பின்னால் கட்ட, பத்மாசனி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவிழ்த்த பிறகு, "நல்லாயிருந்தது" என்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாக ஸ்கூட்டியைத் தொடவே இல்லை.

கடைசியில் ரஜிதாவுக்கு அழைப்பெடுத்துச் சொன்னாள்.

"அதை விஜிதரனிட்டை எல்லோ சொல்ல வேணும்" என்றாள் ரஜிதா.

"பாவம், அவ்வளவு தூரத்தில இருந்து வாறவர். மனம் நோகும்."

"அப்ப உங்கட மனம்?"

பத்மாசனி யோசித்துப் பார்த்தாள். சொல்லாமல் அங்கே போனால் இனிக் கயிற்றைக் கண்டாலே பயம் வரும். போகாமல் விட்டால், தான் தானாக இருக்கும் ஒரே வீடும் இல்லை என்றாகிவிடும்.

அடுத்த சந்திப்பு மத்தியானச் சாப்பாட்டோடு தொடங்கியது. ரஜிதா குசினியிலிருந்து நண்டுக்கறிச் சட்டியோடு வந்து நின்று சொன்னாள்:

"இண்டையில இருந்து ஒரு புதுச் சட்டம். நான் கரண்டியை நீட்டேக்க வேண்டாம் எண்டு வடிவாச் சொன்னால் போடமாட்டன், ஏன் எண்டும் கேக்கமாட்டன். சிரிச்சுக்கொண்டு நெளிஞ்சால் போடுவன். சோத்தை மறுக்கத் தெரியாத ஆக்களுக்கு இண்டைக்குக் கயிறில்லை."

ஜனார்த்தனன் உடனே, "வேண்டாம்" என்றான். மனைவியின் சமையலை மறுக்க அவனுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அதுவாக இருக்க வேண்டும். பத்மாசனியிடம் கரண்டி வந்தபோது, "ஐயோ, போதும் ரஜிதா..." என்று நெளிந்தாள். நண்டு விழுந்தது. அடுத்த முறையும் கையை அரைகுறையாக நீட்டிச் சிரித்தாள். மறுபடியும் நண்டு. வயிறு வெடிக்கும் போலிருந்தது. கண்டாவளையில் நெல் விதைக்கும் தன் தாய் இதைப் பார்த்தால், விருந்தாளியைச் சாப்பாட்டால் கொல்லுகிறார்கள் என்று ஏசுவாள் என நினைத்தாள்.

மூன்றாம் முறை கரண்டி வந்தது.

"வேண்டாம்!"

வீதியில் போடும் அதே சத்தம். ரஜிதா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனாள். கொஞ்சம் போடுகிறேனே என்று கெஞ்சவில்லை, முகத்தைத் தூக்கி வைக்கவும் இல்லை. இவ்வளவுதானா என்றிருந்தது பத்மாசனிக்கு. அந்த மூச்சு அடங்கமுதல் விஜிதரன் பக்கம் திரும்பினாள்.

"போன முறை கையைப் பின்னால கட்டினது எனக்குப் பிடிக்கேல்லை. பயந்துபோனன். இனிக் கட்டக் கூடாது. இடையில கேக்கவும் கூடாது."

விஜிதரன் வாயில் வைத்த சோற்றை விழுங்கினான். "நான் கேட்டனான்தானே..." என்று தொடங்கியவன் தானே நிறுத்திக்கொண்டான்.

"கயிறு கையில இருக்கேக்க கேட்டால் அது கேட்டதாகாது" என்றாள் ரஜிதா, பாத்திரத்தை மூடியபடி.

"ஓம். விளங்குது." அவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "எனக்கும் ஒண்டு இருக்கு. சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ."

"பிடிக்காததை நல்லாயிருந்தது எண்டு எனக்குச் சொல்லக் கூடாது. நீங்கள் அப்பிடிச் சொன்னதை நினைச்சு நான் ஒரு மாசமாச் சந்தோசமாத் திரிஞ்சனான். உங்களைப் பயப்படுத்தினதை நினைச்சுச் சந்தோசப்பட்டிருக்கிறன், பத்மாசனி."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பொய்யை அவனுக்குச் செய்த உபகாரம் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்!

"இனிச் சொல்லமாட்டன்" என்றாள்.

கை கழுவிவிட்டு வந்த பிறகு, விஜிதரன் கயிற்றை எடுக்காமலே கேட்டான், "இண்டைக்குக் கட்டவோ?"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஓம் என்றுதான் நாக்கு எழுந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு வேண்டாம். அடுத்த முறை பாப்பம்."

"சரி" என்றான் விஜிதரன், ஒரு கதிரையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு. அவன் முகம் வாடவே இல்லை. அதைக் கண்ட பிறகுதான் பத்மாசனிக்கு அழுகை வந்தது.