குடும்பப் படத்தின் நடுப்பகுதி

அயர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் கடலோர ஊரில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் கேமராவோடு தள்ளி நின்றால் போதும், முன்பின் தெரியாத ஆள் வந்து கையை நீட்டுவார். முதல் தடவை ஒரு கிழவர் நாயோடு வந்து அப்படி நீட்டியபோது, கேமராவைத்தான் கேட்கிறார் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு "நோ, நோ, மைன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, மணலில் நின்ற என் கணவரையும் மகளையும் காட்டி, நீயும் போய் நில் என்று சைகை செய்தார். போய் நின்றேன். அழுகை வந்துவிட்டது. அந்தப் படத்தில் எனக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும்.

அழுகைக்குக் காரணம் என் சொந்த ஊரான காமயகவுண்டன்பட்டியில் இருக்கிறார். என் அண்ணன். குமுளிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான், கூட வேலை பார்த்த மலையாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் கத்தவில்லை, அடிக்க வரவில்லை. சுவரில் இருந்த குடும்பப் படத்தைக் கழற்றி, ஓரத்தில் நின்ற என்னைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, மறுபடி சட்டம் போட்டு மாட்டினார். அம்மாவின் தோள்மேல் என் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அம்மா இதைப் போனில் சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பத்து வருஷமாக அதை ஆறவிடாமல் வைத்திருந்தேன்.

அண்ணன் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிப் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். அம்மா சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்ததால் எனக்கு அழைப்பு வந்தது. என் கணவருக்கு வரவில்லை. நான் மட்டும் போனேன், கையில் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவோடு. உள்ளங்கையில் அடங்கும் சாமான். மேலே ஒரு சக்கரம். அதில் முகத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று, வாணவேடிக்கைக்கு ஒன்று என்று குட்டிக் குட்டிப் படங்கள். மதினி அதைத் திருகிப் பார்த்துவிட்டு, "பனிக்குன்னு தனியாவா? நம்மூருக்கு வெயிலுக்கு ஒண்ணு வச்சிருக்கப்படாதா?" என்றாள். அவள் நல்லவள். அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் சொந்தக்காரர்கள் எல்லாரும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் படத்துக்கு வரிசை கட்டினார்கள். நானும் போய் அம்மா பக்கத்தில் நின்றேன். அண்ணன் நடுவில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நீ அங்கன நிக்காத. வெளிநாட்டுக் கேமரா வச்சிருக்கேல்ல, நீயே எடு."

படமெடுக்க வந்த ஸ்டுடியோக்காரரைக் காலையிலேயே அனுப்பிவிட்டது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. கத்தரியை எடுக்காமலேயே என்னை வெட்டிவிட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கேமராவோடு எதிரே போய் நின்றேன்.

சக்கரத்தைத் திருகினேன். முகத்துக்கான மோடில் எடுத்தால் அண்ணனின் மூஞ்சி மெழுகினது போல அழகாக விழும். அந்தப் புண்ணியம் அவருக்கு வேண்டாம். வாணவேடிக்கையில் வைத்தால் எல்லாரும் கலங்கிப் போவார்கள், அம்மாவும் கலங்கிவிடுவாள். கம்பத்திலிருந்தும் கடமலைக்குண்டிலிருந்தும் வந்தவர்கள் சேரச்சேர வரிசை நீண்டது. எவ்வளவு பின்னால் போனாலும் திரைக்குள் அடங்கவில்லை. திராட்சைப் பந்தலின் கல்தூண் முதுகில் இடித்தது. அப்போதுதான் பனோரமா ஞாபகம் வந்தது. இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

அண்ணன், புதுவீட்டின் சொந்தக்காரர் என்ற மிடுக்கில் இரண்டு பக்கமும் இடம் விட்டு, கை கட்டி நின்றார். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மதினி. பின்னால் புதுப் பெயிண்ட் அடித்த வெறும் சுவர். எங்கே ஒட்டினாலும் தெரியாது. அவரைப் பார்த்து, "அண்ணே, அப்படியே ஆடாம நில்லுங்க" என்றேன். எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, கேமராவை ஸ்டூலில் வைத்து டைமரைப் போட்டு, அம்மா நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நான் தனியாக நின்று ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

அயர்லாந்து திரும்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டினேன். நான், அம்மா, அடுத்து மதினி. அண்ணன் நின்ற துண்டைச் சேர்க்கவில்லை. நடுவில் யாரும் இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தோடு அண்ணன் பேருக்கே அனுப்பினேன். போனில் அவர் குதிப்பதைக் கேட்கக் காத்திருந்தேன். போன் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"போட்டோ வந்துச்சாம்மா?"

"வந்துச்சுத்தா. ஹால்ல மாட்டியிருக்கு."

"யாரு மாட்டுனா?"

"ஒங்கண்ணந்தேன்."

"ஒண்ணுமே சொல்லலையா?"

"வர்றவுகளெல்லாம் அவன்ட்ட, இதுல நீங்க எங்கன்னு கேக்குறாக. நாந்தேன் எடுத்தேங்கிறான்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கேமராவைக் கையால் தொடாத மனுஷன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இனி ஆயுசுக்கும் இந்தப் பொய்யைச் சொல்லியாக வேண்டும். நன்றாகச் சொல்லட்டும் என்றேன். மறுமுனையில் அம்மா, "நீ எப்பத்தா எம்பக்கத்துல வந்து நின்ன? நீ நின்னது எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் நிற்கும் முழுப்படமும் இருக்கிறது. அதை இங்கே எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் முறைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வரும் அயர்லாந்துக்காரர்கள் அதன் முன்னால் நின்று, இதில் நீ எங்கே என்று தேடுவார்கள். நான்தான் எடுத்தேன் என்பேன்.