வேலையில்லாத உழவுமாடுகள்

விமானம் குலுங்கியதும், வழுக்கைத் தலையை மறந்து மொட்டை நேர்ந்துகொண்டவன் நான். ஜெர்மனியில் விவசாயமுறை படித்துவிட்டு அப்படித்தான் நெய்வேலி திரும்பினேன்.

மறுநாளே பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். நெட்டையான மனிதர். வயலை நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பறிகொடுத்து, அங்கேயே கான்ட்ராக்ட் கூலியானவர். மாடுகளுக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, ஷிப்ட் முடிந்து வந்து நுகத்தடி பூட்டித் தெருவில் சும்மா நடத்துவார்.

“அங்கயும் கரி எடுக்கறாங்களாமே. பள்ளத்த மூடி நெலத்தத் திருப்பித் தராங்களா சார்?”

விமானத்தில் வராத வியர்வை அப்போது வந்தது.

“தராங்க. கோதுமையே வெளையுது. ஆனா ஒரு தலைமுறை ஆவுமாம்.”

சிரித்தார். “அதுவரைக்கும் மாடு தாங்காதுங்களே சார். பாவம், காத்துக்கினு கெடக்குதுங்க.”

அவருக்கே அறுபதை நெருங்கும் வயது. தன்னை ஏன் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது.