ஆலப்புழைக் கால்வாயில் ஒரு பகல்

1974 ஏப்ரல், ஒரு சனிக்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஆலப்புழை வந்து சேர்ந்தோம். பாப்பாரப்பட்டியிலிருந்து சேலம் வரை பஸ், இரவு ரயிலில் எர்ணாகுளம், அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் மறுபடியும் பஸ். உடன் வந்தவள் என் ஒரே மகள் செல்வி. நர்ஸ் படிப்பு முடித்தவளுக்கு இவ்வூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. திங்களன்று சேர வேண்டும். ஒரு பகல் ஊரைப் பார்த்த பிறகே விட்டுவருவதா, கூட்டிவருவதா என்று சொல்வேன் எனக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கம் பஸ் போகும் இடத்திலெல்லாம் இங்கே தண்ணீர் போகிறது. கால்வாய்கள் ஊருக்குள் நேர்கோடாக ஓடுகின்றன. இரு கரையிலும் பழைய கிடங்குகள். வாசலில் கயிற்றுக் கட்டுகள். காயல் என்னும் உப்பங்கழிப் பக்கம் சீன மீன்வலைகள் வளைந்த மூங்கில்களில் தொங்குகின்றன. எந்தக் காலத்திலோ சீனக் கப்பல்காரர்கள் விட்டுப்போன வழக்கமாம்.

பகல் இரண்டு மணிக்கு வள்ளம் ஏறினோம். ஆளுக்கு இருபது பைசா. ஒடுங்கிய நீளப் படகு. நான் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒகேனக்கல் பரிசல்ல போனவதான நீ? இப்ப என்னம்மா பயம்?"

"அது கூடையாட்டம் இருக்கும். இது வெள்ளரிக்கா பிஞ்சாட்டம் இருக்குதேடி."

பரிசலில் ஒருவர் இறங்கினால் எதிரே இருப்பவர் அந்த இடத்துக்கு நகர்ந்து பாரத்தைச் சரிசெய்ய வேண்டும். எனக்கு அது பழகிப்போயிருந்தது. ஒரு துறையில், இடப்பக்கம் இருந்த கிழவி மூட்டையோடு இறங்கினாள். நான் சட்டென்று எழுந்து அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஒடுங்கிய வள்ளம் என் வேகத்தில் சாய்ந்தது. நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. பச்சை இருட்டு மட்டும் நினைவிருக்கிறது. பிறகு யாரோ கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"கையக் கால உதறாதம்மா. மல்லாந்து கெட. நா புடிச்சிருக்கறன்."

பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாக உத்தரவு போட்ட நான், செல்வி சொன்னபடி கிடந்தேன். கரையில் என்னைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினாள். சுற்றி நின்றவர்களை, "காத்து வுடுங்க, தள்ளி நில்லுங்க" என்றாள். எல்லோரும் தள்ளி நின்றார்கள்.

அந்த இடம் இரண்டாள் ஆழம் என்றார் வள்ளக்காரர். "மோளே, உன் வீடு கடல் பக்கமா?" என்று செல்வியைக் கேட்டார்.

"இல்லீங்க. தண்ணி பாக்க அறுபதடி கெணத்துல எட்டிப் பாக்கணும். அங்க கத்துக்கிட்டதுதான்."

அந்தக் கிணற்றில் குதித்ததற்காக அவளைப் புளிய விளாறால் அடித்தவள் நான். பொட்டப்புள்ளைக்கு என்ன நீச்சல் என்று கேட்டவளும் நான்தான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. என் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணிக்கு எர்ணாகுளம் பஸ். நான் ஏறி உட்கார, வெளியே ஜன்னலோரம் நின்ற செல்வி, "என்னம்மா முடிவு?" என்றாள்.

"திங்கக்கெழம நேரத்தோட போயி சேரு."

ஊர் திரும்பி ஒரு வாரமாகிறது. முகம் கழுவக் குனிந்தால் இன்னும் மூச்சு அடைக்கிறது. நேற்று அடுத்த வீட்டுக்காரி வந்தாள். "டீச்சர், எம்பொண்ணு கெணத்துல குதிக்கறா. நீங்க வந்து ரெண்டு போடுங்க" என்றாள்.

போனேன். கிணற்றுப் படியில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை இன்னும் இரண்டு முறை குதிப்பதைப் பார்த்துவிட்டு வந்தேன்.